பஞ்சாப் விவசாயி மகனும் நம் ஊர்ப் பந்துத் தளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்னம் சிங்கின் கதையைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன். பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, லூதியானாவில் கூடைப்பந்து பயின்று, 2010-இல் பதினான்கு வயதிலேயே உதவித்தொகையுடன் ஃபுளோரிடாவுக்குச் சென்ற அவரை, 2015-இல் என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் புதிய வீரர் தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது இடத்தில் எடுத்தது. இந்தியாவில் பிறந்து அவ்வாறு தேர்வான முதல் வீரர் என்று கொண்டாடினோம். ஆனால் அவர் ஒரு என்.பி.ஏ. லீக் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை என்பதையும், அதற்கு அடுத்த நிலையிலுள்ள வளர்ச்சி லீக்கில் ஆடித் திரும்பியபின் 2020-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டாண்டுத் தடைக்கு ஆளாகி, பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனதையும் எத்தனை பேர் அறிவோம்?

ஆட்டம் வேகத்துக்கும், தொலைவிலிருந்து கூடையில் போடும் மூன்று புள்ளி எறிதலுக்கும் மாறிவிட்ட காலத்தில் ஏழடிக்கு மேற்பட்ட உயரம் மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பதே என் கணிப்பு. சிறு வயதிலேயே நல்ல பயிற்சி தேவை.

டெல்டாவில் நெடிய பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் வளையம் வலையின்றித் துருப்பிடித்துத் தொங்குகிறது. குறுவை அறுவடையில் அந்தச் சிமெண்டுத் தளத்தில் நெல் காய்கிறது. (ஈர நெல்லை வேறெங்கே கொட்டுவார்கள், அதில் குறையில்லை.) மற்ற மாதங்களிலாவது அங்கே ஆட, ஒன்றியத்துக்கு ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளரை அரசு நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மன்னார்குடி.