சுருட்டு ஹோல்டர் வடிகட்டி கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னச் சுருட்டு பிடிப்பதற்காக மரத்தில் கடைந்து விற்கிற ஹோல்டர்களைப் பற்றி போன ஞாயிறு இணைப்பில் முக்கால் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறைக்குள்ளேயே வளர்ந்தவன் நான், எங்கள் தொழிலைப் பற்றி நாலு வரி அச்சில் வந்தாலே சந்தோஷப்படுகிற ஆள். ஆனால் மரக்குழல் வழியாக இழுத்தால் புகையில் இருக்கிற நஞ்சை மரம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லை என்று அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அது தப்பு. கடைகிறவனே சொல்கிறேன், ஹோல்டர் வடிகட்டி கிடையாது. வடிகட்டி என்று சொல்லி விற்பது வாங்குகிறவருக்கும் நல்லதல்ல, கடைகிற எங்களுக்கும் நல்லதல்ல.

ஹோல்டர் எதற்கு ஆகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுருட்டு என்பது புகையிலைக்குள் புகையிலை. காகிதம் கிடையாது, பஞ்சு கிடையாது. பீடிக்காவது மேலே வேறு இலை சுற்றியிருக்கும். சுருட்டை நேராக உதட்டில் வைத்தால் இலை எச்சிலில் ஊறிப்போகும், தூள் நாக்கில் ஒட்டும், துப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பற்ற வைக்காமல் சும்மா வாயில் அதக்கிக்கொண்டிருந்தாலே எச்சிலோடு நிக்கோட்டின் உள்ளே போகும். ஹோல்டர் போட்டால் ஈர இலை உதட்டில் படாது, விரல் மஞ்சளாகாது, புகை கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும். இவ்வளவுதான் அதன் வேலை. சுடலைமாடன் கொடைக்குப் படையலில் சுருட்டு வைக்கிற சீமை நம்முடையது, சுருட்டு இங்கே யாருக்கும் புதுசு இல்லை. எங்கள் பாட்டையா காலத்தில் நாணலையோ மெல்லிய மூங்கிலையோ நறுக்கி மாட்டிக்கொள்வார்கள், கறுத்துப் போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு நறுக்கிக்கொள்வார்கள். நஞ்சை எடுக்கும் என்று அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்த உறிஞ்சுகிற கதைக்கு வருவோம். சின்ன ஹோல்டரில் புகை மரத்தைத் தொட்டுக்கொண்டு போகிற தூரம் இரண்டு மூன்று அங்குலம். அதில் கொஞ்சம் தார், அதாவது புகையோடு வருகிற பிசுபிசுப்பான கறுப்புக் கசடு, உள்சுவரில் படியத்தான் செய்யும். விற்பவர்கள் அந்தப் படிவைத்தான் ஈர்க்கில் வழித்துக் காட்டி, பாருங்கள் எவ்வளவு அழுக்கை மரம் பிடித்து வைத்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் பிடித்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் வாய்க்குத்தான் போயிருக்கிறது. புகையில் இருக்கிற இன்னொரு நஞ்சான கார்பன் மோனாக்சைடு வெறும் வாயு, அது மரத்தில் ஒட்டவே ஒட்டாது.

நான் புகையை நெஞ்சுக்குள் இழுக்கிறதில்லை, வாயோடு விட்டுவிடுகிறேன் என்று சுருட்டு பிடிக்கிறவர்கள் சொல்வது வழக்கம். சிகரெட் புகை லேசான அமிலத் தன்மை உள்ளது, அதனால் நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிக்கோட்டின் நன்றாக ஏறும். சுருட்டுப் புகை காரத் தன்மை உள்ளது, அதை வாயில் வைத்திருந்தாலே போதும், உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். ஹோல்டர் இதில் எதையும் மாற்றாது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-ல் சுருட்டுக்கென்றே தனியாக ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றிலும் சுருட்டால் புற்றுநோய் வரும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆந்திரக் கடலோரத்தில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துத் தலைகீழாகப் பிடிக்கிற பழக்கம் உண்டு, அவர்களுக்கு மேல் அண்ணத்தில் புற்று வருவதை டாக்டர்கள் பல வருஷமாக எழுதி வருகிறார்கள். சூடும் புகையும் எங்கே போய் முட்டுகிறதோ அங்கே நோய் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது உங்கள் கட்டுரையில் இல்லை. ஹோல்டர் இல்லாமல் பிடிக்கிறவர் சூடு விரலுக்கும் உதட்டுக்கும் வந்தவுடன் சுருட்டைக் கீழே போட்டுவிடுவார். ஹோல்டர் இருந்தால் கடைசித் துணுக்கு வரைக்கும் இழுக்கலாம், அதைத்தான் பெரிய லாபமாகச் சொல்லி விற்கிறார்கள், ஒரு சுருட்டில் ஒண்ணேகால் சுருட்டு பிடிக்கலாம் என்று. ஆனால் முன்பாதி எரியும்போது கிளம்புகிற தாரில் ஒரு பங்கு பின்பாதிப் புகையிலையில்தானே போய்த் தங்குகிறது? கடைசி அங்குலத்தில் இழுக்கிற புகை அந்தத் தங்கினதையும் சேர்த்து எரித்து வருகிற புகை, சூடும் அதிகம். அப்படிப் பார்த்தால் ஹோல்டர் கெடுதலைக் குறைக்கிறது என்பதைவிடக் கூட்டுகிறது என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

சுருட்டுப் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் போட வேண்டும், 2016-லிருந்து அப்படித்தான். 2003-ஆம் வருஷப் புகையிலைப் பொருள் சட்டத்தில் சிகரெட், பீடியோடு சுருட்டும் பட்டியலில் இருக்கிறது, விளம்பரம் செய்யக்கூடாது, 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஹோல்டரை வைத்து, அதன் அட்டையில் ஒரு பச்சை இலையைப் போட்டு ஆரோக்கியம் என்று அச்சடித்து விற்கிறார்கள். படிக்கிற பையன் இரண்டில் எதை நம்புவான்? பேப்பரிலும் அதே மாதிரி வந்துவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

சரி, இதற்கு மேலும் பிடிக்கத்தான் போகிறேன், ஹோல்டர் வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத் தொழில் விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரையில் அதுவும் அரைகுறையாகத்தான் இருந்தது.

ரெண்டு மாசம் முன்னால் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ஒரு ஹோல்டரைக் கொண்டுவந்தார், எங்கேயோ ஆன்லைனில் வாங்கினது. சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. இழுத்தால் நாக்கு வெந்துபோகிறது, ஒரு மாதிரி பெயிண்ட் வாடை வருகிறது என்றார். அவர் சம்மதத்தோடு ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். சுருட்டு மாட்டுகிற வாயில் உள்ளே வரைக்கும் பெயிண்டை முக்கி எடுத்திருக்கிறார்கள். சூடு பட்ட இடத்தில் பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி, பாதி உதிர்ந்து, உதிர்ந்த செதில் துளைக்குள்ளேயே தாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துளை நடுவில் போகவில்லை, ஒரு பக்கம் சுவர் தடிமனாக இருந்தது, மறுபக்கம் தாள் மாதிரி. உள்ளே உப்புத்தாள் காட்டின அடையாளமே இல்லை, சிராய் சிராயாக நின்றது. கட்டை ரப்பர் மரம்.

ரப்பர் மரத்தை நான் குறை சொல்லவில்லை, அதில்தான் இன்றைக்கு நிறையப் பேர் பிழைக்கிறோம், மஞ்சள் கடம்பு முன்னே மாதிரி கிடைப்பதில்லை. ஆனால் ரப்பர் கட்டையை அறுத்தவுடன் விட்டுவைத்தால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும், அதனால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டுத்தான் காய வைக்கிறார்கள். நாற்காலிக்கும் ஸ்டாண்டுக்கும் அது சரி. சூடும் எச்சிலும் படுகிற மாதிரி வாயில் வைத்திருக்கிற சாமானுக்கு அந்தக் கட்டை வேண்டாம். அரளி, எட்டி மாதிரி விஷ மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கட்டை எதுவென்று தெரியாமல் வாங்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வைரம் பாய்ந்த புளிங்கட்டை நல்லது. கொய்யாவும் நல்லது, நெருக்கமான இழை, லேசில் விண்டுபோகாது, பம்பரத்துக்கு அதைத்தானே தேடுவோம். வெளிநாட்டில் மத்தியதரைக் கடல் பக்கம் விளைகிற பிரையர் என்கிற புதரின் அடிக்கட்டையில் செய்கிறார்கள், சூட்டைத் தாங்கும். துருக்கியில் எஸ்கிஷெஹிர் என்ற ஊரில் தோண்டி எடுக்கிற மீர்ஷாம் என்கிற வெள்ளைக் கல்லில் செதுக்குகிறார்கள், தாரைக் குடித்துக் குடித்து அது வெள்ளையிலிருந்து தேன் நிறத்துக்கு மாறும். அந்தக் கல்லே கூட நஞ்சை வடிகட்டி முடித்துவிடுவதில்லை, அப்புறம் நம்ம ஊர்க் கட்டை எங்கே வடிகட்டப் போகிறது.

பூச்சு விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கோபம். எங்கள் ஊர் மரச்சொப்புக்குப் பேர் வந்ததற்கே காரணம், குழந்தை அதை வாயில் வைத்துக் கடிக்கும் என்று தெரிந்துதான் அந்தக் காலத்தில் கடைந்தார்கள். கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடித்தால் உரசுகிற சூட்டில் அரக்கு உருகிப் படியும், அப்புறம் காய்ந்த தாழை ஓலையை வைத்து அழுத்தினால் மெருகு ஏறும். அரக்கு என்பது புரசு, இலந்தை மாதிரி மரங்களில் பூச்சி கட்டுகிற பிசின், அதனால் பயமில்லை. ஆனால் அந்த அரக்கே 75, 80 டிகிரி சூட்டில் இளகிவிடும். ஹோல்டரின் வெளியே கையில் பிடிக்கிற இடத்தில் போட்டால் சரி, சுருட்டு மாட்டுகிற வாயிலும் துளைக்குள்ளும் போடவே கூடாது. நல்ல அரக்குக்கே இந்தக் கதி என்றால் பெயிண்டை என்ன சொல்ல? பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயம் கலக்கிற வழக்கம் இருந்ததால்தான் 2016-ல் விதி கொண்டுவந்து, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். எந்த டப்பாவிலிருந்து எடுத்து அடித்தார்கள் என்று தெரியாத பெயிண்டைச் சூடாக்கி வாயில் வைக்கலாமா?

அளவும் முக்கியம். சுருட்டின் தடிமனை வெளிநாட்டில் ஒரு அங்குலத்தை 64 பங்காக வைத்துச் சொல்வார்கள், 24 என்றால் நம் ஆசாரிக் கணக்கில் மூணு நூல், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சின்னச் சுருட்டு அதற்கு முன்னே பின்னே இருக்கும், கையால் சுற்றுகிறது என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதனால் மாட்டுகிற வாய் நேர்த்துளையாக இருக்கக்கூடாது, உள்ளே போகப் போகக் கொஞ்சமாகக் குறுக வேண்டும், அப்போதுதான் தடித்ததும் நிற்கும், மெலிந்ததும் நிற்கும். நேர்த்துளை போட்டுவிட்டு, நிற்கவில்லை என்றால் பேப்பரைச் சுருட்டிச் செருகிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், பேப்பரும் சேர்ந்துதான் எரியும். புகைத்துளை ஒரு நூலுக்குக் குறைந்தால் இழுக்கச் சிரமம், ஆளும் பலமாக இழுப்பார், பலமாக இழுத்தால் நெருப்பு இன்னும் சூடாகும், அந்தச் சூடு நாக்கில் ஒரே இடத்தில் போய் அடிக்கும். சுருட்டு மாட்டுகிற வாய் ஓரத்தில் பித்தளை வளையம் போட்டால் கட்டை விண்டுபோகாது. நெருப்பு வளையத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் இருக்கும்போதே சுருட்டை எடுத்துப் போட்டுவிட வேண்டும், கட்டை கருகின வாடை வருகிற வரைக்கும் இழுக்கக்கூடாது. தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டாம், கட்டை உப்பி வெடிக்கும். தென்னை ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி அன்றன்றைக்குத் துடைக்க வேண்டும், ஒருத்தர் ஹோல்டரை இன்னொருத்தர் வாங்கி வைக்கக்கூடாது.

இவ்வளவையும் பார்த்துச் செய்தால் ஒரு ஹோல்டருக்கு நேரம் பிடிக்கும், விலையும் கூடத்தான் இருக்கும். அரை நாள் கூலிகூட நிற்காத விலைக்குக் கேட்கிற இடைத்தரகர்கள்தான் ரப்பர் கட்டையையும் பெயிண்டையும் பட்டறைக்குள் கொண்டுவருகிறார்கள், பெட்டியில் ஆரோக்கியம் என்று அச்சடிப்பதும் அவர்கள்தான். நாளைக்கு ஒரு டாக்டர் இது பொய் என்று சொன்னால் கெட்ட பெயர் எங்கள் ஊர்க் கடைசலுக்கு வரும், தரகர் வேறு சாமானுக்குப் போய்விடுவார். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் புகையிலைத் தூளோடு நாளெல்லாம் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். புகையிலையால் சோறு வருவதும் தெரியும், இருமல் வருவதும் தெரியும். அதனால்தான் எங்கள் கை வேலையை மருந்து மாதிரி விற்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. வருகிற ஞாயிறே அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். அப்புறம் உங்கள் படக்காரரைப் பட்டறைக்கு அனுப்புங்கள். அண்ணாச்சி கொண்டுவந்த ஹோல்டர் அறுத்த நிலையிலேயே அலமாரியில் இருக்கிறது, பக்கத்தில் உள்ளே பூச்சு இல்லாமல் கடைந்தது ஒன்றையும் அறுத்து வைக்கிறேன், இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கடைசல் தொழிலாளி ஒருவர்,
அம்பாசமுத்திரம்.