கடலை ஏன் பெரிதாக்கினீர்கள்?

கோத்தகிரியில் எங்களோடு உட்கார்ந்து துணிப்படம் தைத்த கலைக்குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் சென்னையில் உங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தேன். நாங்கள் 23 பேர் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் தைத்த படம் சுவரில் தொங்கியது. வெளிச்சமெல்லாம் நன்றாகத்தான் போட்டிருந்தீர்கள். ஆனால் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு நீலப் பட்டு. அது நாங்கள் வைத்ததில்லை.

கடலுக்கென்று என் அம்மாயி வைத்தது பழைய பாவாடையின் நீலக்கரை, ஒரு விரல் அகலம். "பாட்டி, கடல் இவ்வளவு சின்னதா?" என்று அன்றைக்கே உங்களில் ஒருவர் கேட்டார். "தலைமன்னார்ல கப்பல் ஏறினா கொஞ்ச நேரத்துல ராமேஸ்வரம். காயிதத்துக்குக் காத்துக் கெடந்ததுதான் தம்பி வருசக்கணக்கு" என்றார். அதனால்தான் அவர் தைத்ததில் லயம் (இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) பெரிது, இங்கே வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் அதைவிடப் பெரிது. லயத்துக்கு எட்டுக் கதவு. நான்காவது கதவுக்கு மட்டும் சிவப்பு நூல். அவர் பிறந்த காம்பரா, அதாவது லயத்து அறை, அது.

கீழே இருந்த பலகை இன்னும் உறுத்தியது: 'கடல் கடந்த அகதிகளின் கனவு'. நாங்கள் அகதிகளாக வரவில்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தக் கணக்கில் 1972-இல் கோச்சி (ரயில்) ஏறியவர் அம்மாயி. அரசுக் காகிதத்தில் அவர் 'தாயகம் திரும்பியவர்'. பிறந்ததோ இலங்கை மலைநாட்டில் இராகலைப் பக்கம். இந்த மண்ணை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே நீலகிரியில் இன்றைக்கும் 'சிலோன்காரங்க'. இத்தனை பெயர் போதாதென்று நீங்களும் ஒன்று வைத்துவிட்டீர்கள்.

'கூட்டுப் படைப்பு' என்கிற வரியில் உங்கள் நான்கு பேரின் பெயர் இருக்கிறது. எங்களுக்கு 'உள்ளூர்ப் பெண்களின் பங்களிப்புடன்'. (தைத்ததில் மூன்று பேர் ஆண்கள். ஒருவர் டெய்லர் வேறு.)

நீங்கள் வந்திருக்காவிட்டால் அம்மாயி இராகலையைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க மாட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் சிவப்புக் கதவு தெரியாது. அந்த நன்றி இருப்பதால்தான் சண்டைக்கு வராமல் கடிதம் எழுதுகிறேன்.

நீலப் பட்டைப் பிரித்துவிடுங்கள்; ஓரத்தையல்தான், சுலபமாக வந்துவிடும். பலகையை மாற்றுங்கள். அடுத்த ஊருக்குப் போகும் முன் படத்தை ஒருமுறை கோத்தகிரிக்குக் கொண்டுவாருங்கள். தைத்தவர்களில் என்னைத் தவிர யாரும் அதை முழுதாக விரித்துப் பார்த்ததில்லை.

23 பேரின் பெயர்களையும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அம்மாயியின் பெயர் ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருக்கும். மண்டபத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார், அதுவே ஐம்பது வருடமாக நடக்கிறது. பட்டியலில் இருப்பது அம்மாயி எனக்குச் சொன்னபடி. அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
நான்காவது காம்பராக்காரியின் பேத்தி