கேட்டவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

தாராவி, மும்பை

அன்புடையீர்,

எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் ஐக்கியம் இந்த ஆண்டு நடத்திய கிறிஸ்துமஸ் கேரல் பவனியும், டிசம்பர் 24 மாலை சந்து முனையில் பிள்ளைகள் நடித்த கிறிஸ்து பிறப்பு நாடகமும் நல்லபடியாக நிறைவேறின. அதற்குச் சபையாரைக்காட்டிலும் சபைக்கு வெளியே இருக்கிற நீங்களே பெருங்காரணம் என்பதால், ஆராதனை அறிவிப்பில் ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார மனம் ஒப்பாமல் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் சிலர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

நன்றிக்கு முன்பாக ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பவனிக்கென்று கட்டுக்கட்டாக நற்செய்திக் கைப்பிரதிகளை அச்சடிக்கச் சொன்னவன் நான்தான். முதல் நாள் இரவு ஒவ்வொரு வாசலிலும் பாடி முடித்ததும் கதவைத் திறந்தவர் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினோம். திரும்பி வருகையில் அவற்றில் பல சாக்கடை ஓரத்தில் நனைந்து கிடந்தன. அதே இரவில், எங்கள் கூட்டத்துக்கு முன்னே ஆடிவந்த சிவப்பு அங்கிக்காரரான கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காட்டி, எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன், "இவர்தான் உங்கள் சாமியா?" என்று கேட்டான். நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்தில் பேராயராயிருந்த நிக்கொலாஸ் என்பவரின் நினைவிலிருந்து வளர்ந்த உருவம் அது என்று அவனுக்கு விளக்கலாம்தான். ஆனால் பிழை அவனுடையதா? பிறந்தவரை விட்டுவிட்டு மிட்டாய் கொடுப்பவரை முன்னே நடக்கவிட்டவர்கள் நாங்கள். மறுநாள் தாடியும் அங்கியும் பெட்டிக்குள் போயின, மிஞ்சிய கைப்பிரதிகளும் கூடவே போயின.

அந்த மறுநாளில்தான் நாடகத்துக்கு ஒரு முன்னணை வேண்டுமென்று தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவுக்குப் போனேன். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பினால் போதும் என்பது எங்கள் பழைய வழக்கம். இவ்வாண்டு மேரியாக நடிக்கவிருந்த பெண்பிள்ளை, "முன்னணை என்றால் என்ன, அண்ணா?" என்று கேட்டு என்னைத் திகைக்க வைத்திருந்தாள். மும்பையில் பிறந்து, தமிழ்ப் பாடல்களைத் தேவநாகரியில் எழுதிவைத்துப் பாடுகிற பிள்ளை அவள். கத்தோலிக்கரும் நாங்களும் சேர்ந்து செய்த பொதுமொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி' என்றே இருப்பதைக் காட்டிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. மாடு தின்கிற தொட்டியை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

சூளைப் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்த குஜராத்திப் பெரியவரிடம் இந்தியில் விவரத்தைச் சொன்னேன். அவர் விலையைச் சொல்லவில்லை. "ராஜாவின் பிள்ளை என்கிறீர்கள், பிறகு ஏன் மாட்டுத் தொட்டி?" என்று கேட்டார். ஓய்வுநாள் பாடசாலையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஆனால் களிமண் ஒட்டிய கையோடு ஒருவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கும்போது, மனப்பாடமான பதில் எதுவும் நாவில் வரவில்லை. நற்செய்தியில் லூக்கா எழுதிய கதையைச் சொன்னேன். அகுஸ்து என்ற ரோமப் பேரரசன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான். அதற்காக யோசேப்பு என்னும் தச்சர், கர்ப்பவதியான மரியாளோடு நாசரேத்தைவிட்டு நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து தன் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குப் போனார். அங்கே அவர்களுக்கு இடமில்லை.

பெரியவர் சிரித்தார். குடிசை மாற்றுத் திட்டத்தில் வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்குச் சான்று தேடி அலைந்தவர்களுக்கும், கணக்கெடுப்புக்காரர் கதவில் எழுதிப்போகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு படுப்பவர்களுக்கும் இந்தக் கதையில் விளக்க எதுவுமில்லை. நகரம் பெருகப் பெருகத் தெற்கு மும்பையிலிருந்து இங்கே தள்ளப்பட்ட குயவர்களின் பேரப்பிள்ளை அவர்; திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்தவன் நான். 'இடமில்லை' என்ற சொல்லை இருவர் வீட்டிலும் முன்பே கேட்டிருக்கிறார்கள். சத்திரம் என்று நாம் படிக்கிற இடத்தில் லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு உறவினர் வீட்டின் விருந்தினர் அறை என்றும் பொருள் உண்டு என எங்கள் ஆயர் பிறகு சொன்னபோது, பரண் வரைக்கும் ஆள் படுத்திருக்கும் எங்கள் ஒற்றை அறை வீடுகள்தான் நினைவுக்கு வந்தன.

கிறிஸ்து பிறப்பின் பொருளாக நாங்கள் விசுவாசிப்பது இவ்வளவே: கடவுள் மேலிருந்து செய்தி அனுப்பாமல், தாமே மனிதராகி, இடமில்லாதவர்களின் வரிசையில் வந்து படுத்தார். ஏழ்மையை அழகென்று போற்றுவதற்காக அல்ல; நம்மைப் பாவத்தினின்றும் மரணத்தினின்றும் மீட்பதற்காக. அதனால்தான் தேவதூதன் அரண்மனைக்குப் போகாமல், இரவில் ஆட்டு மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் போய், 'எல்லா ஜனத்துக்கும்' உண்டான சந்தோஷம் என்று அறிவித்தான். பிறந்த தேதியை வேதம் சொல்லவில்லை. டிசம்பர் 25 ரோம் சபையில் நான்காம் நூற்றாண்டிலிருந்து கொண்டாடப்படுகிறது. தேதியைப் பற்றி வாதாடுகிறவர்களுடன் எனக்குச் சண்டையில்லை.

பெரியவர் தொட்டிக்குக் காசு வாங்கவில்லை. கேட்ட கதைக்குச் சரியாகப்போயிற்று என்றார். ஐயா, உங்களுக்கு என் முதல் வணக்கம். உங்களை மதம் மாற்ற நான் வரவில்லை, நீங்களும் அப்படி எண்ணவில்லை. ஆனாலும் என் விசுவாசத்தை நான் வெட்கமில்லாமலும் அவசரமில்லாமலும் ஒருவரிடம் சொன்னது அன்றுதான். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று இயேசுவின் சீடரான பேதுரு எழுதியதில், 'கேட்கிறவர்களுக்கு' என்ற சொல்லை இத்தனை நாளும் நான் தாண்டியே படித்திருக்கிறேன்.

மேய்ப்பர்களுக்கான அங்கிகளை, ஏற்றுமதி வேலை நெருக்கிக்கொண்டிருந்த வாரத்தில், இரவு பன்னிரண்டுக்குப் பிறகு தைத்துக் கொடுத்த தையற்கடை பாய்க்கு நன்றி. ஈசா நபியின் தாயார் மர்யமின் பெயரில் தம் வேதத்தில் ஓர் அத்தியாயமே இருப்பதை எங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். நாங்கள் வேறுபடுகிற இடத்தையும் அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை, தேநீர் மட்டும் இரண்டு தடவை வந்தது. கணேஷோத்சவத்துக்கு வாங்கிய விளக்குச் சரங்களையும் பந்தல் துணியையும் வாடகையின்றிக் கொடுத்ததோடு, இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்தும்படி எங்களுக்கு நினைவூட்ட ஓர் ஆளையும் நிறுத்திவைத்த மண்டல் (விழாக் குழு) இளைஞர்களுக்கு நன்றி. ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளுக்கு இரண்டு வாரமும் முறுக்கும் சுக்குக் காப்பியும் கொடுத்த மூன்றாம் வீட்டு ஆச்சிக்கு என்ன எழுதுவது? நெற்றி நிறையத் திருநீறோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சத்திரக்காரனாக நடித்த பையன் கதவைச் சாத்தியபோது, "பிள்ளைத்தாய்ச்சியைப் போகச் சொல்கிறாயேடா!" என்று அவர்கள் உரக்கக் கண்டித்தார்கள். பையன் வசனத்தை மறந்து கதவைத் திறந்துவிட்டான். நாடகம் அங்கே சற்று நின்றது. எனக்கு அதில் வருத்தமேயில்லை.

தொட்டி இப்போது ஆலயத்தின் பின்னறையில் பத்திரமாக இருக்கிறது. விளக்குச் சரத்தில் இரண்டு பல்புகள் உடைந்துவிட்டன. புதியவை வாங்கி வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சரங்களையும் பந்தல் துணியையும் மண்டலில் கொண்டுவந்து ஒப்படைப்போம். ஆச்சியின் எவர்சில்வர் தூக்கு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது; வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று என் தாயார் அதில் அதிரசம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வாலிபர் ஐக்கியத்தின் சார்பில்,
செயலாளர்