தாய்மார் ஆதரவுக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

அம்மாமார், அம்மம்மா அப்பம்மாமார், இந்த முறை துணிந்து வந்து பின்வரிசையில் இருக்கிற மூன்று அப்பாமார், எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ், எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் நான் அறிக்கை வாசிக்கத் தொடங்கவே பாதிப்பேர் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பிப் போய்விட்டீர்கள். இந்த முறை இருந்த இடத்திலேயே கொடுங்கள்.

கூட்டம் மாதத்துக்கு ஒன்று என்று போட்டோம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊரே போய்விட்டதால் நடக்கவில்லை, கார்த்திகையில் குளம் வான் பாய்ந்து பாதை மூடிக் கிடந்ததால் நடக்கவில்லை. மற்ற மாதங்களில் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார், அதில் எனக்கு வேலை இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. வருடம் முழுக்க நாங்கள் சண்டை பிடித்தது இரண்டே இரண்டு சொல்லோடுதான்: "பால் காணாது." பிள்ளை பின்னேரத்தில் சிணுங்கினால் பால் காணாது, இரவில் மூன்று தரம் எழும்பினால் பால் காணாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கொஞ்சம் கொழுகொழுவென்று இருந்தாலும் இவளுக்குப் பால் காணாது. சொல்கிறவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், கேட்ட தாய் இரவிரவாக அழுவாள். 2016 ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில் இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதாக வந்தது. ஆக, பால் சுரக்கத்தான் செய்கிறது. எங்கள் ஊரில் அதைக் குழப்புவது இந்தச் சொல்தான்.

இந்த வருடம் அந்தச் சொல்லுக்கு நாங்களே எண்ணெய் ஊற்றிவிட்டோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நிறுவை நாளுக்குப் பிள்ளையை இருத்தித் தொங்கவிடுகிற காற்சட்டை கிழிந்துபோக, மாசியில் நானே பழைய டெனிம் துணியில் புதிது ஒன்று தைத்தேன். நல்ல தடித்த துணி, பெரிய பட்டி, எனக்குப் பெருமை வேறு. தராசில் காற்சட்டையைக் கொழுவிய பிறகுதான் முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டும், நான் திருப்பவில்லை. அந்த மாதம் எல்லாப் பிள்ளைகளும் கால் கிலோ கூடுதலாகக் காட்டினார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். பங்குனியில் மிஸ் வந்து முள்ளைச் சரியாகத் திருப்பி நிறுத்தார். எட்டு மாதப் பிள்ளைகளுக்கு எடை ஏறவே இல்லை, மூன்று மாதப் பிள்ளைகளுக்கு ஏறவேண்டியதில் பாதிதான் ஏறியிருந்தது. வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு படுத்துவிட்டது. ஆண்பிள்ளையின் நீலப் புத்தகக்காரியும் பெண்பிள்ளையின் இளஞ்சிவப்புப் புத்தகக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். காற்சட்டையைத் தனியாகத் தொங்கவிட்டுப் பார்த்து, மாசியில் கூடிய கால் கிலோ காற்சட்டையின் எடைதான் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு வீட்டில் மாமியார் போய்ப் பால்மாப் பேணி வாங்கி வந்துவிட்டார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். சூப்பிப் போத்தலில் வயிறு நிரம்பிய பிள்ளை முலையில் குறைவாக உறிஞ்சும், உறிஞ்சல் குறைந்தால் சுரப்பும் குறையும், பத்து நாளில் உண்மையாகவே பால் காணாமல் போகும். மிஸ்ஸும் நானும் மாறிமாறிப் போய், பேணிப் பாலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து, ஒரு நாளுக்கு 8 தொடக்கம் 12 தரம் முலையில் விட்டு, முக்கியமாக இரவில் விடாமல் கொடுக்கவைத்தோம், ஏனென்றால் பால் சுரக்கவைக்கிற புரோலக்டின் இரவில்தான் கூட. பிள்ளையின் வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி முலையில் முட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். ஒரு நாளில் ஆறு தரமாவது சலம் போய், எடையும் ஏறுகிறதென்றால் பால் காணும். பம்பர்ஸ் கட்டிவிட்டால் எத்தனை தரம் என்று எண்ணத் தெரியாது, வீட்டில் சீலைத்துண்டு கட்டுங்கள். மூன்று கிழமையில் பேணி அடுப்படித் தட்டுக்குப் போனது. தாயிடம் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

அந்த மாமியாரை நான் முதலில் மனதுக்குள் திட்டினேன். பிறகு ஒருநாள் கிணற்றடியில் இருந்து கதைத்தபோது அவரே சொன்னார், 2009 இல் இறுதிப்போரின்போது மாத்தளன் பக்கம் இருந்தபோது கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு பால்மாவுக்கு வரிசையில் நின்றாராம், முன்னால் நின்ற ஆக்கள் திரும்பி வரவில்லையாம். பேணி ஒன்று வீட்டில் இல்லாவிட்டால் தனக்கு நித்திரை வராது என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்கு அம்மம்மா, அப்பம்மாமாரையும் கூப்பிடுவது என்று தீர்மானம் எடுத்தோம்.

அவர்கள் வந்ததில் எங்களுக்குத்தான் லாபம். பால்சுறா வறை, முருங்கையிலைச் சுண்டல், உள்ளி போட்ட சரக்குக் கறி என்று பத்தியத்தில் இருக்கிற நல்லதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றோம். ஆனால் வயிறு வைக்கும் என்று தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் விடுவதை வன்னி வெயிலில் எப்படித் தாங்குவது? அதில் ஒரு மணித்தியாலம் சண்டை. தேன் தொட்டு வைப்பதற்கும் அப்படித்தான், ஒரு வயது முடியுமட்டும் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி கைப்பிள்ளையின் நரம்பைத் தாக்கும். ஒரு ஆச்சி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் இப்போதும் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

ஆறு மாதம் முடிந்த பிறகு சாப்பாடு. இங்கே எங்கள் குறை கஞ்சித்தண்ணி. ஆனி மாதக் கூட்டத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைக் கரண்டியில் அள்ளிச் சரிக்கச் சொன்னோம், ஏழு வீட்டில் ஐந்து வீட்டுச் சாப்பாடு வழிந்து பாயில் ஊற்றியது. எட்டுக் கிலோப் பிள்ளையின் வயிறு ஏறத்தாழ 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும், ஒரு பெரிய கோப்பை அளவு. அதைத் தண்ணியால் நிரப்பினால் சத்துக்கு எங்கே இடம்? கரண்டியைச் சரித்தாலும் விழாத பதத்தில் குழைத்த சோறு, பருப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், அப்புறம் மசித்த மீன், முட்டை, ஈரல். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு முடிந்துபோகும், ஆகவே மீனும் ஈரலும் "பிறகு பார்ப்போம்" இல்லை. அதற்கு மேலே பிளேன்ரீயில் பிஸ்கற் தோய்த்துக் கொடுத்தால் தேயிலை அந்த இரும்பையும் உடம்பில் சேரவிடாது. திரிபோஷாச் சத்துமா பிள்ளைக்கும் தாய்க்கும் தருவது, வீட்டில் எல்லாரும் உருண்டை பிடித்துச் சாப்பிடுவதற்கு இல்லை, யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலைக்குப் போகிற தாய்மார் நான்கு பேர் கேட்டபடி, கையால் பால் கறந்து வைப்பதைக் காட்டிக்கொடுத்தோம். குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம், கோப்பையால் பருக்குங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் வேலைத்தலத்தில் நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

முதல் பல்லு வந்ததும் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டை இந்த வருடம் நிறைய நடந்தது. ஒரு வயதாகியும் பல்லு வராத பிள்ளைக்கு அவித்துக் கொட்டலாமா என்று கேட்டார்கள். பல்லு சிலருக்குப் பிந்தித்தான் வரும், கொழுக்கட்டை காத்திருக்கட்டும். அதைவிடக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்பது மாதமாகியும் யாரும் பிடிக்காவிட்டால் நிமிர்ந்து இருக்கமுடியாத பிள்ளை என்றால்தான் உடனே மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பிள்ளையைக் காது பார்க்க அனுப்பினோம். சோறு தீத்த போன் காட்டுவதைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம், நானும் வீட்டில் பேரனுக்குக் காட்டுகிறேன், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

வரும் வருடத்துக்கு ஒரு புதுத் தராசு வேண்டும், அதற்குப் பணம் சேர்க்கவேண்டும். காற்சட்டையை மெல்லிய துணியில் வேறு யாராவது தையுங்கள். புது நிர்வாகத் தெரிவு முடிந்ததும் வடையும் பிளேன்ரீயும் இருக்கிறது, பிளேன்ரீ பெரிய ஆக்களுக்கு மட்டும்.

செயலாளர்