குழந்தையின் வயிற்று வலி: ஸ்கேனை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ், என்று சந்தேகம் வந்த குழந்தையை "காலையில் வெறும் வயிற்றோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதில் நியாயமே இல்லை. குடல்வாலைப் பார்க்கப் பட்டினி தேவையில்லை. அறுவை சிகிச்சை வரலாம் என்பதற்காக உணவை நிறுத்துவது வேறு விஷயம். ஸ்கேனை அதற்காகக் காக்கவைக்கக் கூடாது. வலி தொடங்கி 36 மணி நேரம் தாண்டினால் குடல்வால் வெடிக்கும் அபாயம் ஏறிக்கொண்டே போகும். 5 வயதுக்கு உட்பட்டவர்களில் பலருக்கு நோயைக் கண்டுபிடிக்கும்போதே வெடித்திருக்கும். வலிக்கும் இடத்தை அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. வாந்தி, பேதியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்துவிடுகிறார்கள்.

வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். வலி சற்று அடங்கிய குழந்தைதான் வயிற்றில் கை வைக்கவே விடும். இந்த ஸ்கேனில் புரோபை, அதாவது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவியை, மெதுவாக, படிப்படியாக அழுத்தி, குடலையும் வாயுவையும் ஒதுக்க வேண்டும். குழந்தை விரலால் காட்டும் இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. நல்ல குடல்வால் அழுத்தினால் நசுங்கும். அழற்சி உள்ளது நசுங்காது, விட்டமும் பெரும்பாலும் 6 மி.மீ.க்கு மேல் இருக்கும். ஆனால் அந்த அளவை மட்டும் நம்பக் கூடாது. மலம் நிறைந்த நல்ல குடல்வாலும் 6 மி.மீ. தாண்டும். சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துத் தடித்திருக்கிறதா, உள்ளே கல் அடைத்திருக்கிறதா, அருகில் நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெண் குழந்தைக்குச் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ, வாயு நிறைந்திருந்தாலோ குடல்வால் கண்ணில் படாது. அப்போது ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று எழுதுவது ஆபத்து. நுனிவரை தெரிந்ததா, பாதிதான் தெரிந்ததா, தெரியவே இல்லையா என்று எழுத வேண்டும். தெரியாவிட்டால் குழந்தையை மருத்துவமனையிலேயே வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்து, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாம். கதிர்வீச்சு உள்ள சி.டி. ஸ்கேனை, அதற்குப் பிறகும் சந்தேகம் தீராதவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வயிறு பலகைபோல் இறுகியிருந்தால் ஸ்கேன் வரிசையில் நிற்க வேண்டாம். அறுவை சிகிச்சை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். வலி திடீரென அடங்கினாலும் வீட்டுக்குக் கூட்டிச் செல்லாதீர்கள். குடல்வால் வெடித்ததும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கதிரியக்க மருத்துவர்