மயிலையை விற்க வேண்டாம்

எஸ்டெஸ் பார்க், கொலராடோ
தை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் மயிலை மாட்டை விற்கலாமா என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கைக்கு வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதாமல் விட்டது என் தப்புதான். அம்மாவிடம் கோபப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த ஊர் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான், ஆனால் குளிர் அந்தக் கணக்கில் சேராது. வெளியே வைத்த வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. வாரத்தில் நாலு நாள் அரிசிம்பருப்புதான், அதுவே பிடித்திருக்கிறது. பனிக்காலத்தில் எங்கள் ஓட்டலுக்கு ஆள் வரத்து கம்மி. அதனால் பகலில் நிறைய நேரம் வீட்டில்தான் இருக்கிறேன்.

அப்படித்தான் எல்க் மான்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நம் பர்கூர் மலைக் கடமானைவிடப் பெரிது. ஆண் மான் 300 கிலோவுக்கு மேலேயே இருக்கும். பனி கொட்டியதும் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்துவிடும். விடியக்காலையில் முன்னங்காலால் பனியைச் சுரண்டி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லை மேயும். வெயில் ஏறியதும் தெற்குப் பார்த்த சரிவில் படுத்து அசை போடும். பொழுது சாய்கையில் எழுந்து மறுபடி மேய்ச்சல். ராத்திரியிலும் கொஞ்சம் மேயும், கொஞ்சம் படுக்கும். கோடையில் இதே மான்கள் மேலே காட்டு நிழல் தேடிப் போய்விடுமாம்.

இப்போது தீனி கம்மி. உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் பங்குனி வரை தள்ள வேண்டும். அதனால் வீணாக ஓரடி எடுத்து வைக்காது. எதிர்வீட்டுப் பெரியவர் அவற்றை யாரும் விரட்ட விடமாட்டார். அவர் வாசலில் மான் படுத்திருந்தால் அது தானாக எழுந்து போகிறவரை காரை எடுக்க மாட்டார். ஒரு நாள் மத்தியானம் வரை காத்திருந்தார். முன்னொரு காலத்தில் இங்கே வேட்டையாடியே மானை அழித்துவிட்டார்களாம். 1913, 1914இல் எல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழிதான் இவை என்றார்.

அப்பா, எழும்போது மயிலை மாதிரியே பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றுகிறது. நேற்று ஒன்று எழுந்து போனதும் கிட்டே போய்ப் பார்த்தேன். பனியில் உடம்பளவுக்கு ஒரு குழி. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரத்தடியில் மயிலை படுத்து எழுந்த இடம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு அதன் கொம்புக்கு யார் வர்ணம் அடித்தது?

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மயிலையை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. பாப்பாவின் சீருக்குப் பணம் பங்குனிக்குள் வந்து சேரும். இந்த மாதம் அனுப்பியது குறைந்துவிட்டது, அடுத்த முறை சேர்த்து அனுப்புகிறேன், வேறொன்றும் இல்லை. பெரிய மாமனிடம் மேற்கொண்டு கடன் கேட்க வேண்டாம். மேக்கால மூலையில் வேலி விட்டுப்போயிருக்கிறது என்றீர்களே, அங்கே கிளுவைப் போத்து நட்டுவிடுங்கள். ஆள் கூலி எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகன்