பனி வராத ஒரு குளிர்காலத்தையும் படமாக எடுங்கள்

பிரான்சில் பனிமலை நகைச்சுவைப் படங்களை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், அவற்றுக்குக் காசு போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். அல்ப்ஸ் மலையில் சவ்வா பக்கம் ஒரு சின்னப் பனிச்சறுக்கு ஊரில், ஒரு உணவகத்தில், இரண்டு குளிர்காலம் கோப்பை கழுவியிருக்கிறேன். உங்கள் படம் ஒன்றை முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான், வேலையாட்கள் படுக்கிற அறையில், நாலு கட்டிலுக்கு நடுவே கதிரையில் வைத்த பழைய மடிக்கணினியில். பத்ரீஸ் லெகோந்த் 1979இல் வால் திசேரில் எடுத்த 'லே புரோன்சே ஃபோன் து ஸ்கி'. பாதி வசனம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இரவாகி, சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் மலைக்கு மேலே ஏற்றுகிற லிஃப்டை நிறுத்திவிட்டு எல்லோரும் போய்விட, மிஷேல் பிளான் நடித்த ஜான் குளோத் துஸ் மட்டும் அந்தரத்தில் நாற்காலியில் தொங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் பாட்டுப் பாடுகிற காட்சிக்கு மொழி எதற்கு? எங்கள் அறையில் லிஃப்டில் வேலை செய்த பொடியன் ஒருவன் இருந்தான். கடைசி ஆள் இறங்கும்வரை நாங்கள் நிறுத்தவே மாட்டோம் என்று எழும்பி நின்று சத்தியம் பண்ணினான், அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

2024 ஒக்டோபரில் பிளான் இறந்த செய்தி வந்த இரவு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாட்டு சிரிப்பு மூட்டுகிறது, ஆனால் அந்தக் குளிர் உண்மையான குளிர். அதே படத்தில் வழி தவறிப் போனவர்களுக்கு மலைக் குடியானவர்கள் புட்டிக்குள் தேரை கிடக்கிற சாராயத்தை ஊற்றிக் கொடுப்பார்களே, அதுவும் அப்படித்தான். அந்த மலையிலிருந்தே எடுத்த சிரிப்பு. சுவீடன்காரர் ரூபன் ஓஸ்ட்லுண்ட் 2014இல் எடுத்த படத்திலும் பாருங்கள், பிறகு ஆபத்தாகச் சரியாமலிருக்க முன்கூட்டியே வெடி வைத்துச் சரிய விடுகிற பனி உணவகத்தை நோக்கி வர, தகப்பன் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். காலையில் அந்த வெடிச் சத்தம் கேட்டு எழும்பியவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு நெருக்கமானது என்று தெரியும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மலை மாறிவிட்டது, உங்கள் படங்களில் பனி மட்டும் அப்படியே கிடக்கிறது.

2022 டிசம்பர் கடைசி வாரத்தைச் சொல்கிறேன். முன்பு விழுந்திருந்த கொஞ்சப் பனியும் கிறிஸ்மஸ் நேரத்து மழையில் கரைந்து போனது. செயற்கைப் பனி அடிக்கிற பீரங்கிகள் வரிசையாக நின்றன. அது தண்ணீரைக் காற்றோடு சேர்த்துப் பொடியாகத் தெளிக்கும், அந்தத் துளி நிலத்தில் விழ முதல் உறைய வேண்டும், அதற்குக் குளிர் பூச்சியத்துக்கு இரண்டு மூன்று பாகை கீழேயாவது போக வேண்டும். இரவிலும் போகவில்லை. எங்கள் சமையல்காரர் விடிய எழும்பிப் பின்கதவைத் திறந்து, உள்ளங்கையை வெளியே நீட்டி, நனைந்த கையை எங்களுக்குக் காட்டிவிட்டுப் பேசாமல் அடுப்பை மூட்டுவார். கூட்டமான நாளில், சீஸை உருக்கிப் பாண் தோய்த்துச் சாப்பிடுகிற ஃபோந்து சட்டிகள் எனக்கு முன்னால் குவிந்து கிடக்கும். அடியில் ஒட்டி மொறுமொறுவென்று கிடக்கிற சீஸ், நம் வீட்டு அடிப்பிடித்த சோறு மாதிரி, மரக்கரண்டியால் சுரண்டி எடுத்தால் பொடியன்கள் சூட்டோடு பறித்துத் தின்பார்கள். அந்த வாரம் ஒரு இரவு வந்தது மூன்று சட்டி. ஜனவரி பிறந்ததும் எங்களில் பாதிப் பேரைப் போகச் சொன்னார்கள். பனி இல்லை என்றதும் சீசன் வேலைக்கு வந்த எங்களுக்குச் சம்பளம் இல்லை, அந்த அறையும் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

இதில் எங்கே சிரிப்பு என்று கேட்பீர்கள். 2020 பெப்ரவரியில் பிரனே மலையில் லுஷோன் பனிச்சறுக்கு நிலையத்துக்கு ஹெலிகொப்டரில் பனி கொண்டுபோனார்கள். மேலேயிருந்து சுமார் ஐம்பது தொன் பனியை அள்ளிக் கீழே சிறுவர்கள் பழகுகிற சரிவில் கொட்டினார்கள், சுற்றுச்சூழல் அமைச்சரே அதைக் கண்டித்தார். அந்த ஒரு நாள் போதும் உங்களுக்கு, நீங்கள் எதையும் கற்பனை பண்ணவே தேவையில்லை. 2024 ஒக்டோபரில் செய்ன் லெசால்ப் என்ற ஊரில் லிஃப்டுகளை மூடுவதா வேண்டாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள், 71 வீதம் பேர் மூடச் சொன்னார்கள். தாத்தா காலத்திலிருந்து சறுக்கப் பழக்குகிற குடும்பம் ஒன்றும், மாடு வளர்க்கிற குடும்பம் ஒன்றும் அந்த வாக்கெடுப்புக்கு முதல் நாள் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தால் என்ன நடக்கும்? யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் பயந்திருக்கிறார்கள், அப்படிப்பட்ட இடத்தில்தான் நல்ல நகைச்சுவை பிறக்கும் என்று நான் நம்புகிறேன்.

இது ஒன்றிரண்டு ஊரின் கதையும் இல்லை. ஐரோப்பாவில் 28 நாடுகளில் 2,234 பனிச்சறுக்கு நிலையங்களைக் கணக்கெடுத்த ஒரு ஆய்வு 2023இல் வந்தது. உலக வெப்பம் இரண்டு பாகை கூடினால், செயற்கைப் பனி இல்லாமல் அவற்றில் 53 வீதத்துக்குப் பனி கிடைப்பதே பெரும்பாடு என்கிறது அது.

இவ்வளவும் நடக்க, கடைசியில் ஒரு சறுக்குப் போட்டி வைத்து, அதில் நாயகன் வென்று, விழப்போன ஹோட்டலைக் காப்பாற்றுகிற அதே கதையை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்? அமெரிக்காக்காரர் எண்பதுகளிலேயே அதைத் தேய்த்து முடித்துவிட்டார்கள். நீங்கள் அதைத் தொடாதீர்கள், தயவுசெய்து. கரைகிற பனியைப் போட்டியில் வென்று நிறுத்த முடியாது.

அப்புறம் இன்னொன்று. உங்கள் படங்களில் சாப்பாடு வரும், துடைத்த மேசை வரும், மடித்த போர்வை வரும், அதைச் செய்தவர்கள் வரமாட்டார்கள். எங்கள் அறையில் ஒரு போர்த்துக்கல்காரர், ஒரு மொரோக்கோக்காரர், அந்த லிஃப்ட் பொடியன், நான். ஊரில் பனி விழுகிறதா என்று விடுமுறைக்கு வந்தவர்களைவிட நாங்கள்தான் அதிகமாக வானத்தைப் பார்த்தோம். எங்களைப் பாவம் காட்டி எடுக்க வேண்டாம். அந்த அறையில் அவ்வளவு சிரிப்பு இருந்தது, அதை எடுங்கள்.

நான் பஸ் ஏறின காலையில் மழை விட்டிருந்தது. நடக்கப் போகிறவர்களுக்காக லிஃப்டை ஓட விட்டிருந்தார்கள், ஆனால் ஒருவரும் வரவில்லை. வெறும் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேலே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன, கீழே பச்சைப் புல். அந்தப் பொடியன் குடிலுக்குள் நின்று, கடைசி நாற்காலி வரும்வரை காத்திருந்துதான் நிறுத்தினான். படத்தை அங்கேயிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை இப்போதும் பார்க்கிற ஒருவன்